ஆவோஸ்தாவின் மரச் சந்தை

சந்தை கூடுவதற்கு உகந்த காலம் எதுவென்று கேட்டால், அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் காலமே என்று எந்த நாட்டுக் குடியானவனும் தயங்காமல் சொல்வான். பாதை உலர்ந்திருக்க வேண்டும், வானம் வெளுத்திருக்க வேண்டும், வண்டியும் கால்நடையும் தடையின்றிப் போய்வர வேண்டும். இத்தாலிய தேசத்தின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரங்கள் சூழ்ந்து நிற்கும் ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலோ இந்த நியாயம் செல்லுவதில்லை. வருஷத்திலேயே குளிர் மிகக் கொடியதாயிருக்கும் ஜனவரி மாதக் கடைசியில், மலைமேலுள்ள கிராமங்களெல்லாம் பனியில் புதைந்து கிடக்கும் சமயத்தில், அங்கே ஒரு பெருஞ்சந்தை கூடுகிறது. தங்கள் கையாலேயே செதுக்கியும் குடைந்தும் கடைந்தும் முடைந்தும் செய்த சாமான்களைத் தெருவோரம் பரப்பிவைத்துக்கொண்டு ஆயிரம் பேர் வரை அதில் நிற்கிறார்கள். ஜனவரி 30, 31 ஆகிய இரண்டு தேதிகளும் அந்தச் சந்தைக்கே உரியவை. சாந்த் ஓர்ஸோ சந்தை என்பது அதன் பெயர்.

அந்தப் பிரதேசத்தின் அமைப்பைக் கொஞ்சம் அறிந்துகொண்டால்தான் சந்தையின் தன்மை விளங்கும். இத்தாலியின் இருபது மாகாணங்களுள் பரப்பிலும் ஜனத்தொகையிலும் மிகச் சிறியது இதுதான்; 3,263 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒன்றே கால் லட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் வாழ்கிறார்கள். மேற்கே பிரான்ஸ், வடக்கே சுவிட்ஸர்லாந்து. மோன் பிளான், மாட்டர்ஹார்ன், மோந்தே ரோஸா என்று உலகமறிந்த சிகரங்கள் எல்லையிலேயே நிற்கின்றன. நடுவே ஓர் ஆறு, அதன் இரு மருங்கிலும் கிளை கிளையாகப் பிரிந்து மலைக்குள் ஏறிச்செல்லும் சிறு பள்ளத்தாக்குகள். இத்தாலியமும் பிரெஞ்சும் அரசாங்க பாஷைகள். ஆயினும் வீட்டிலும் வயலிலும் முதியவர்கள் பேசுவது பிராங்கோ-புரோவென்சால் என்ற பழைய மலைமொழி. கிரெஸ்ஸொனே என்ற கிளைப் பள்ளத்தாக்கில் மட்டும், இடைக்காலத்தில் மலைதாண்டி வந்து குடியேறிய வால்ஸர் மக்களின் ஜெர்மானியக் கிளைமொழி இன்னும் முற்றிலும் மறையாமல் இருக்கிறது. ஆவோஸ்தா நகரம் கி.மு. 25-இல் ரோமானியர்கள் அமைத்தது. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயரால் எழுப்பிய வளைவும், நகரத்தின் கிழக்கு வாயிலும் இன்றும் நிற்கின்றன. பெரிய ஸான் பெர்னார்டோ கணவாய் வழியாகவும் சிறிய ஸான் பெர்னார்டோ கணவாய் வழியாகவும் ஆல்ப்ஸைக் கடந்து வருகிற இரண்டு பாதைகள் வந்து கூடுமிடம் அது. ரோமாபுரிக்குச் சென்ற யாத்திரிகர்களும், வியாபாரிகளும், படைகளும் அவ்வழியே போனார்கள். 1800-ஆம் ஆண்டில் நெப்போலியன் தன் சேனையோடு பனியில் இறங்கி வந்ததும் அந்தப் பெரிய கணவாய் வழியாகத்தான்.

நகரின் கிழக்கு மதிலுக்கு வெளியே ஓர்ஸோ என்னும் அர்ச்சியசிஷ்டவரின் கோயில் இருக்கிறது. அவர் அயர்லாந்திலிருந்து வந்தவர் என்று ஐதிகம். அக்கோயிலின் வாயிலில் நின்று ஏழைகளுக்கு ஆடைகளும், மரத்தில் குடைந்த ஜோடுகளும் தானம் செய்தார் என்றும், அந்தத் தானத்தின் நினைவாகவே கோயிலைச் சுற்றிச் சந்தை கூடத் தொடங்கிற்று என்றும் அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். சந்தையின் தொடக்கம் கி.பி. 1000 என்று வைத்து ஆண்டுதோறும் எண்ணி வருவது வழக்கம். ஆகவே 2025-ஆம் வருஷத்துச் சந்தை ஆயிரத்து இருபத்தைந்தாவது சந்தை என்றே அறிவிக்கப்பட்டது. இவ்வளவு துல்லியமான கணக்கைச் சரித்திர ஆராய்ச்சியாளர் ஏற்பாரா என்பது வேறு விஷயம். ஓர் ஊர் தன் கைத்தொழிலுக்கு ஆயிரம் வருஷத்து வம்சாவளி கற்பித்துக்கொண்டு, அதற்கேற்ற மரியாதையோடு அதைப் பேணுகிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அர்ச்சியசிஷ்டவரின் திருநாள் பிப்ரவரி முதல் தேதி. அன்று வெயில் காய்ந்தால் குளிர் இன்னும் 40 நாள் நீடிக்கும் என்று கிராமவாசிகள் நம்பினார்கள். திருநாளுக்கு முந்திய இரண்டு தினங்கள் சந்தைக்கு ஆயின. அக்கோயிலுக்குள்ளேயே மரவேலையின் சிகரமான ஒரு படைப்பும் இருக்கிறது: பதினைந்தாம் நூற்றாண்டு முடிந்து பதினாறாவது பிறக்கும் தறுவாயில் செய்த, குருமார் அமர்ந்து ஜெபம் பாடும் ஆசன வரிசை. சந்தைக்கு வரும் குடியானவன், தான் செதுக்கிய கரண்டியை விற்றுவிட்டுக் கோயிலுக்குள் போனால், தன் தொழில் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

நடுக்குளிரில் சந்தை ஏன் என்பதற்கு ஐதிகத்தைக் காட்டிலும் பலமான விடை அந்த மக்களின் ஜீவனத்திலேயே இருக்கிறது. கோடையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பசுக்களை உயர்ந்த மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச்செல்ல வேண்டும். பாலைக் கடைந்து வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் ஆக்க வேண்டும். செங்குத்தான சரிவுகளில் புல்லை அரிந்து உலர்த்தி வருஷம் முழுவதற்கும் சேமிக்க வேண்டும். பனி விழுந்து பாதை அடைபட்டுவிட்டாலோ, மூன்று நான்கு மாத காலம் வெளியே செய்யத்தக்க வேலை ஏதுமில்லை. அந்த நாட்களில் குடும்பம் முழுவதும், பல இடங்களில் அண்டைவீட்டாரும் கூட, மாட்டுத் தொழுவத்தில் வந்து கூடுவார்கள். ஏனெனில் விறகு அரிதான அந்த உயரத்தில் மாடுகளின் உடற்சூட்டைத் தவிர வேறு கணப்பு எல்லோருக்கும் கிட்டியதில்லை. அவ்விதம் கூடியிருந்து கழித்த மாலைப்பொழுதுக்கு வெய்யா என்று பெயர். பெண்கள் நூல் நூற்பார்கள். கிழவர்கள் கதை சொல்வார்கள். ஆண்கள் வைக்கோல் மேல் உட்கார்ந்து, கிடைத்த மரத்துண்டைக் கத்தியால் செதுக்குவார்கள். அடுத்த கோடைக்கு வேண்டிய புல்வாரியின் பற்கள், கூடையின் கைப்பிடி, ஏணியின் படிகள், மிடாவின் பலகைகள் எல்லாம் அந்தத் தொழுவத்து வெளிச்சத்தில்தான் உருவாயின. குடியானவன் தனக்கு வேண்டியதற்கு மேல் செய்ததையும், தன்னால் நன்றாகச் செய்ய முடிந்ததையும் எடுத்துக்கொண்டு, பனி உருகி வேலை தொடங்குவதற்கு முன்பே, ஜனவரி முடிவில் கீழே இறங்கி நகரத்துக்குப் போனான். தன்னால் செய்ய இயலாததை மற்றொரு பள்ளத்தாக்குக்காரனிடம் வாங்கிவந்தான். நடுக்குளிரைத் தவிர வேறு காலத்தில் அந்தச் சந்தை கூடவே இயலாது என்று நான் சொல்வேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் தச்சுவேலை பெரும்பாலும் அதற்கென்றே வாழ்ந்த குலத்தாரின் கையில் இருந்தது. அந்த மலைநாட்டிலும் மிடா கட்டுபவன், ஜோடு குடைபவன் என்று பெயர் பெற்ற நிபுணர்கள் இருந்தார்கள் என்றாலும், கத்தியும் வாய்ச்சியும் தெரியாத குடியானவன் கிடையாது. வாங்குபவன் ஒவ்வொருவனும் ஓரளவு செய்யவும் தெரிந்தவன். புல்வாரியைக் கையிலெடுத்த மாத்திரத்தில் அதன் பிடி எந்த மரம், நார் நேராக ஓடுகிறதா, முளை இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனிடம் மட்டமான சரக்கை விற்க முடியாது. விற்றாலும் மறுவருஷம் அதே தெருவில் அதே முகத்தோடு நிற்க வேண்டும். ஆவோஸ்தாவின் கைத்தொழில் கெடாமல் இருந்ததற்குச் செய்பவர்களின் திறமை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் வாங்குபவர்களின் அறிவு என்பது என் அபிப்பிராயம். சந்தை என்பது விற்பனை ஸ்தலம் மாத்திரமன்று. பள்ளத்தாக்கு முழுவதும் கூடிப் பரீட்சை நடத்துகிற இடமும் அதுவே.

மரங்களைப் பற்றிய அவர்களுடைய ஞானம் வியக்கத்தக்கது. லார்ச் என்னும் மரம் பனிக்கும் மழைக்கும் அசையாதது. ஆகவே வீட்டின் உத்தரமும் கூரையும் அதனாலானவை. மலையின் மிக உயரமான எல்லையில், வேறு மரம் பிழைக்காத இடத்தில் மெல்ல மெல்ல வளரும் ஆரொல்லா பைன், வாசனையுள்ளது, மென்மையானது, கத்திக்கு எப்பக்கமும் இணங்குவது. சிற்பம் செதுக்குபவர்களின் கை முதலில் நாடுவது அதைத்தான். அக்ரோட்டு மரம் கருமையும் கனமும் உடையது. பெட்டிகளுக்கும் மேஜை நாற்காலிகளுக்கும் அதுவே அழகு. மேப்பிள் நெருங்கிய நார் உள்ளது, கடைசல் வேலைக்கு ஏற்றது. கிண்ணமும் கோப்பையும் அதில் நன்றாக அமையும். கோடரிப் பிடிக்கும் புல்வாரிப் பிடிக்கும் அடியைத் தாங்கி வளைந்துகொடுக்கும் ஆஷ் மரம். மரத்தை வெட்டும் காலத்திலும் நியமம் உண்டு: சாறு இறங்கியிருக்கும் குளிர்காலத்தில், அதிலும் தேய்பிறையில் வெட்டிய மரமே வெடிக்காது, உளுக்காது என்பது ஆல்ப்ஸ் மலைநாடு முழுவதும் பரவிய நம்பிக்கை.

ஆயாஸ் என்ற கிளைப் பள்ளத்தாக்கு மரஜோட்டுக்குப் பேர்போனது. பனியிலும் சேற்றிலும் சாணத்திலும் நாள்முழுதும் நிற்க வேண்டிய மனிதனுக்குத் தோல்ஜோடு எட்டாத விலை. எட்டினாலும் ஈரத்தில் ஊறிப் பாழாகும். மரமோ குளிரை உள்ளே விடாது. ஜோடு குடைபவன் முதலில் ஈரம் காயாத மரத்தைக் காலின் அளவுக்குச் சற்றுப் பெரிதாகத் துண்டுபோடுவான். காய்ந்த மரம் இறுகிவிடும், குடைய வராது. பிறகு கோடரியாலும் வாய்ச்சியாலும் வெளியுருவத்தைக் கொணர்வான். வலக்காலும் இடக்காலும் ஜோடியாகவே பிறக்க வேண்டும். ஆகையால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கி, துரப்பணத்தால் துளையிட்டு, அகப்பை வடிவில் வளைந்த கூரிய குழியுளியால் உட்புறத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பான். கண்ணுக்குத் தெரியாத அந்த உட்குழிவில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. குதிகால் எங்கே அமரும், பாதத்தின் வளைவு எங்கே தாங்கப்படும், விரல்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதையெல்லாம் அவன் விரல்நுனியால் தடவித்தான் அறிய வேண்டும். சுவர் தடித்துவிட்டால் ஜோடு கனக்கும்; மெலிந்துவிட்டால் முதல் கல்லிலேயே பிளக்கும். முடிந்த ஜோட்டைப் பல நாள் மெதுவாக உலரவிட்டு, அதன் பிறகே மெருகிடுவார்கள். ரப்பர் பூட்ஸ் வந்தபின் இந்தத் தொழில் அருகிப்போயிற்று. ஆயினும் ஆயாஸில் தொழில் தெரிந்தவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, இளைஞர்களுக்குக் கற்பித்து, இன்றும் ஜோடு செய்கிறார்கள். அர்ச்சியசிஷ்டவர் தானம் கொடுத்த பொருள் என்ற பெருமையும் அதற்கு இருப்பதால், சந்தையில் மரஜோட்டுக்கு எப்பொழுதும் ஒரு தனி மதிப்பு.

ஜோட்டைப் போலவே, அந்த மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டுகிற மற்றொரு சாமான் ரொட்டி வெட்டும் பலகை. மலைக் கிராமங்களில் அந்நாளில் ரை என்ற தானியத்தின் கறுப்பு ரொட்டிதான் உணவு. ஊர்ப்பொதுவான அடுப்பை வருஷத்துக்கு ஒரு முறை, குளிர்காலத் தொடக்கத்தில் மூட்டி, ஒவ்வொரு குடும்பமும் முறைபோட்டுக்கொண்டு, வருஷம் முழுவதற்கும் வேண்டிய ரொட்டியைச் சுட்டு, மரச்சட்டங்களில் அடுக்கி உயரத்தில் தொங்கவிடுவார்கள். சில மாதங்களில் அது கத்தி ஏறாதபடி இறுகிவிடும். அதற்காகத் தடித்த பலகையின் ஒரு முனையில் வளையத்தில் மாட்டிய நீண்ட கத்தியைப் பொருத்தி, மறுமுனையை நெம்புகோலாக அழுத்தி ரொட்டியை நொறுக்குவார்கள். கோப்பபான் என்று அதற்குப் பெயர். உபயோகத்துக்கான கருவி அது. ஆனால் அதன் பலகையில் வெறுமையான இடத்தை விட்டுவைக்க அந்தக் கைகளுக்கு மனம் வந்ததில்லை. கவராயத்தால் வட்டம் கீறி, அதே அளவால் சுற்றிலும் வில்வில்லாக வெட்டினால் ஆறிதழ்ப் பூ ஒன்று விரியும். கத்தி முனையால் சீவிச் சீவி எடுத்த அந்தப் பூவைக் கோப்பபானில் காணலாம். ஆட்டின் கழுத்தில் மணி கட்டும் வளைந்த மரப்பட்டையில் காணலாம். தொட்டிலின் தலைப்பலகையில் காணலாம். கலியாணப் பெண் கொண்டுபோன பெட்டியில் காணலாம். வெண்ணெயைத் திரட்டி அதன்மேல் பதிக்கும் அச்சுகளிலும் பூவும் கொடியும் பசுவும் உண்டு. இன்னாருடைய வீட்டு வெண்ணெய் என்று வாங்குபவன் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வதற்கு அந்த அச்சே முத்திரை.

விளையாட்டுச் சாமான்களைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல ஆசை. காசு கொடுத்துப் பொம்மை வாங்கும் வழக்கம் அந்நாளில் அம்மலைகளில் கிடையாது. தகப்பனோ பாட்டனோ செய்து கொடுத்தால் உண்டு. கவையாகப் பிரிந்த கிளைத்துண்டு ஒன்றை எடுத்து, பட்டையைச் சிறிது சீவி, உடம்பென்று ஒரு பக்கத்தையும் இரண்டு கொம்பென்று கவையையும் வைத்துக்கொண்டால் அதுவே பசு. கண் இல்லை, கால் இல்லை, வால் இல்லை; ஆயினும் அதைப் பார்த்தவர்கள் வேறெந்தப் பிராணியென்றும் சொல்ல மாட்டார்கள். கொர்னாய் என்று அதற்குப் பெயர். சிறுவர்கள் ஒருவன் பசுவின் கொம்போடு மற்றவன் பசுவின் கொம்பை மாட்டித் தள்ளி விளையாடுவார்கள். ஏனெனில் அந்தப் பள்ளத்தாக்கில் உண்மையாகவே பசுக்கள் கொம்பு கோத்துப் பலம் பார்க்கும் பந்தயம் உண்டு. மேய்ச்சலுக்குப் போகும் மந்தையில் தலைமை யாருக்கு என்று பசுக்கள் தாமே தள்ளித் தீர்மானித்துக்கொள்வது இயற்கை. அதையே ஊர்கூடிப் பார்க்கும் விழாவாக்கி, கிராமம் கிராமமாக நடத்தி, அக்டோபர் மாதத்தில் ஆவோஸ்தாவில் வெற்றி பெற்ற பசுவுக்கு ராணிப் பட்டம் சூட்டுகிறார்கள். இரத்தக் காயம் படுவதில்லை. தோற்ற பசு திரும்பி நடந்துவிடும். ஒரு மரத்துண்டில் கொம்பை மட்டும் காட்டி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்ட அந்தப் பெயரறியாத சிற்பிகள், தங்கள் குழந்தைகளுக்கு எது முக்கியம் என்பதைப் பூரணமாக அறிந்திருந்தார்கள். நவீன சிற்பம் என்று இன்று நாம் கொண்டாடுகிற சுருக்கமான வடிவங்களில் இதைவிட மேலானவை சிலவே என்று துணிந்து சொல்வேன்.

மற்றொன்று தத்தா. சக்கரங்களின் மேல் நிற்கும் குதிரை அல்லது கோவேறு கழுதை அது. நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கடையில் வாங்கிய நடைவண்டியைப் போல, இழுத்துச் செல்லும்போது அது எழுப்பும் தடதட ஓசையிலேதான் குழந்தைக்கு ஆனந்தம். மலைப்பாதையில் சுமை ஏற்றிச்சென்ற கழுதையைத் தினந்தோறும் கண்ட குழந்தைக்கு அதைவிடத் தெரிந்த துணை வேறில்லை. இப்பொழுது அந்தத் தத்தா பள்ளத்தாக்கின் கைத்தொழிலுக்கே ஒரு சின்னமாகிவிட்டது.

சுற்றுலாப் பிரயாணிகள் முதலில் தேடுவது இவற்றையெல்லாம் அல்ல, சிநேகக் கோப்பையை. மரத்தைக் கடைந்தெடுத்த அகன்ற தாழ்ந்த பாத்திரம் அது, மூடியுண்டு, சுற்றிலும் நாலோ ஆறோ எட்டோ மூக்குகள் உண்டு. காப்பியோடு கிராப்பா என்ற திராட்சைச் சாராயத்தையும் சர்க்கரையையும் எலுமிச்சை ஆரஞ்சுத் தோல்களையும் சேர்த்து, நீலச் சுவாலை எழும்படி கொளுத்தி, மூடி அணைத்து, கூடியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மூக்கில் பருகிக் கைமாற்றிக்கொண்டே போவார்கள். காலியாகும் வரையில் கீழே வைக்கலாகாது என்பது சம்பிரதாயம். எச்சில் விஷயத்தில் கண்டிப்பான நமக்குக் கூட, தனித்தனி மூக்கு அமைத்த அந்தத் தச்சனின் முன்யோசனை பிடித்துப்போகும். கிரொல்லா என்ற, காலும் மூடியும் உடைய உயர்ந்த கிண்ணம் இதனினும் பழமையானது. ஒயின் பருகுவதற்கு ஏற்பட்டது. இரண்டையும் இன்று கடைக்காரர்களே குழப்பிவிடுகிறார்கள். கையால் கடைந்து, மூடியில் திராட்சைக் கொடி செதுக்கிய கோப்பைக்கும், யந்திரத்தில் நூற்றுக்கணக்காகப் பெயர்த்துத் தள்ளிய கோப்பைக்கும் வித்தியாசம் காணாமல் மலிவானதை வாங்கிப் போகிற பிரயாணியிடத்தில்தான் கைத்தொழிலுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. செய்பவன் எவ்வளவு உயர்ந்தவனாயினும், பார்வையற்ற வாங்குபவனை நம்பி நெடுநாள் வாழ இயலாது.

சந்தையின் நிபந்தனைகள் இந்த ஆபத்தை மனத்தில் வைத்து ஏற்பட்டவையே. அதில் கடைபோடும் உரிமை பள்ளத்தாக்கைச் சேர்ந்த கைவினைஞர்களுக்கு மாத்திரம் உண்டு. தொழிலாகவே நடத்துகிறவர்களுக்கு நகரத்தின் பெரிய சதுக்கத்தில் தனியான பந்தல் அமைக்கிறார்கள். தெருவில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு இது ஜீவனோபாயம் அன்று. உத்தியோகஸ்தர்கள், ஆலைத் தொழிலாளிகள், குடியானவர்கள், ஓய்வு பெற்ற கிழவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலதரத்தாரும் வருஷமெல்லாம் ஓய்வுநேரத்தில் செய்ததைக் கொண்டுவருகிறார்கள். மரவேலை மட்டுமன்றி, வால்க்ரிசான்ஷ் கிராமத்துக் கம்பளித் துணி, கோஞ் கிராமத்துப் பெண்கள் தலையணை மேல் ஊசி குத்திப் பின்னும் லேஸ், மாக்கல்லைக் கடைந்த பாத்திரங்கள், இரும்பு வேலை, தோல் வேலை, பிரம்பு போன்ற மிலார்க் கூடைகள் எல்லாம் உண்டு. ரோமானிய வாயிலிலிருந்து அகஸ்டஸ் வளைவு வரையிலும், நகரத்தின் பழைய தெருக்களிலும் கடைகள் நீளுகின்றன. 30-ஆம் தேதி இரவு யாரும் உறங்குவதில்லை. தொழுவத்தில் கூடிய பழைய மாலைப்பொழுதின் பெயரையே அந்த இரவுக்கும் வைத்திருக்கிறார்கள். நிலவறைகளைத் திறந்துவைத்து, வருவோர்க்குச் சூப்பும் ஒயினும் தருகிறார்கள். தெருத்தெருவாகப் பாடகர் குழுக்கள் விடியும் வரை பாடிக்கொண்டு போகின்றன.

ஆவோஸ்தாவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மற்றொரு மலைநாடு உண்டு. ஆல்ப்ஸ் மலையின் கிழக்குப் பகுதியில், 1919 வரை ஆஸ்திரியாவுக்கு உட்பட்டிருந்து பின் இத்தாலிக்கு வந்த தெற்குத் திரோலில், கார்தேனா என்ற பள்ளத்தாக்கு மரச் சிற்பத்துக்கு உலகப் புகழ் பெற்றது. அதன் சரித்திரம் முற்றும் மாறுபட்ட வழியில் சென்றது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கும் குளிர்கால வேலையாகவே செதுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களுடைய வியாபாரிகள் முதுகில் சுமந்துகொண்டு மலை தாண்டிப் போய், ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் கடை வைத்தார்கள். கை கால் மடங்கும் மரப்பாவைகள் ஆயிரமாயிரமாக இறங்கிச் சென்றன. அவ்வகைப் பாவைகள் இங்கிலாந்தில் வெகு பிரசித்தம். விக்டோரியா மகாராணி சிறுமியாயிருந்தபோது அத்தகைய மரப்பாவைகளுக்கு உடை தைத்து 132 பாவைகள் சேர்த்து வைத்திருந்தாள். பிறகு கோயில்களுக்கான திருவுருவங்கள் செய்வதில் கார்தேனா முதன்மை பெற்றது. அவர்களுடைய திறமையைக் குறைத்துப் பேச நான் துணியேன். அந்தப் பள்ளத்தாக்கைச் செல்வச்செழிப்புக்குக் கொண்டுவந்ததும் அத்திறமையே. ஆயினும் வாங்குபவன் தூரதேசத்தவனாகிவிட்டபடியால், அவனுக்கு எது பிடிக்கும் என்பதையே நினைந்து செதுக்க நேர்ந்தது. ஒருவன் பாவையின் தலையை மட்டும், மற்றொருவன் கால்களை மட்டும், இன்னொருவன் வர்ணம் மட்டும் என்று வேலை பிரிந்தது. யந்திரம் வந்தபோது அது நுழைவதற்கு வழி முன்னமே திறந்திருந்தது. ஆவோஸ்தாவிலோ பணம் பெரிதாகச் சேரவில்லை. ஆனால் ஒரே மனிதன் மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் மெருகிடுவது வரை எல்லாம் செய்து, தானே தெருவில் நின்று, யாருக்கு விற்கிறோம் என்று அறிந்தும் விற்கிறான். இரண்டில் எது மேல் என்று கேட்டால், பிழைப்புக்கு முன்னது என்றும், தொழிலின் ஆயுளுக்குப் பின்னது என்றும் பதில் சொல்வேன்.

இன்று புல்வாரியை வாங்குபவன் புல் வாருவதில்லை என்ற ஆட்சேபம் எழலாம். அது உண்மையே. கோப்பபான் சுவரில் தொங்குகிறது; மரஜோடு கணப்படுப்பின் பக்கத்தில் அலங்காரமாக நிற்கிறது; சிற்பங்களும் புடைப்புச் சித்திரங்களும் கருவிகளைக் காட்டிலும் பெருகிவிட்டன. கருவி சிற்பமாக மாறும்போது அதில் தேவைக்கு மீறிய இனிமை புகுந்துவிடுகிறது: தாடிக் கிழவன், நீண்ட குழாயில் புகை பிடிப்பவன், கிராமத்துச் சண்டைக்கோழி என்று ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதை அந்த நாட்டு அறிஞர்களும் உணராமலில்லை. பழைய சாமான்களைச் சேகரித்து ஃபெனிஸ் என்னுமிடத்தில் ஒரு காட்சிசாலை அமைத்திருக்கிறார்கள். பாரம்பரியத் தொழிலைப் பேணுவதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. மாகாண அரசாங்கம் கிராமங்களில் செதுக்குவதற்கும் கடைவதற்கும் கூடை முடைவதற்கும் வகுப்புகள் நடத்துகிறது. அந்த வகுப்புகளுக்குப் போகிறவர்களெல்லாரும் சிற்பிகளாகப் போவதில்லை. ஆனால் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரு கரண்டியோடு மல்லாடியவன், அடுத்த ஜனவரியில் தெருவில் ஒரு நல்ல கரண்டியைக் கண்டால் அதைச் செய்தவனுக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பான். பழைய குடியானவனுக்குத் தேவையினால் வந்த கண், அவன் பேரனுக்குப் பயிற்சியினால் வருகிறது. எந்த வழியாக வந்தாலும் வந்தது வந்ததே.

அவ்வழி செல்ல வாய்ப்பு நேருகிறவர்கள் ஜனவரிச் சந்தைக்குப் போவதே தகும். ஆகஸ்ட் மாதத்தில் கோடைச் சந்தையொன்று அதே நகரில் கூடுகிறது, பள்ளத்தாக்கின் நுழைவாயிலிலுள்ள டொனாஸ் என்ற ஊரிலும் ஜனவரியில் இதே பெயரால் ஒரு சிறிய சந்தை சில தினங்கள் முன்னதாக நடக்கிறது, இரண்டும் பார்க்கத்தக்கவையே. ஆனால் செய்தவர்களோடு நிதானமாகப் பேச விரும்புகிறவர்கள் 30-ஆம் தேதி காலையிலேயே, கூட்டம் நெருக்குவதற்குமுன் போக வேண்டும். எந்தச் சாமானையும் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்கலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள், மாறாகச் சந்தோஷப்படுவார்கள். உளியின் தடம் அங்கேதான் மறையாமல் இருக்கும். கிண்ணம் ஒரே மரத்துண்டில் குடைந்ததா, ஒட்டியதா என்பதை நாரின் ஓட்டம் சொல்லும். இது என்ன மரம், எந்தக் கிராமத்தில் வெட்டியது, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். உண்மையாகவே செய்தவர் மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்வார். அநேகமாக அது அவருடைய பாட்டனாரின் பெயராகவோ, பக்கத்து வீட்டுக் கிழவரின் பெயராகவோ இருக்கும்.